கன்னியம்மாவுக்கு நான் போட்டுவிட்ட சங்கிலி

தம்பி,

"டீச்சர், நான் என்னத்த உடுத்திக்கிட்டுப் போகட்டும்?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் என்னிடம் கேட்டாள். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் நின்றவள் நான். பிள்ளைகளும் பெற்றோர்களும் கேட்ட கேள்விகளில் பாதி மறந்துபோய்விட்டது. இந்தக் கேள்வி மட்டும் போகமாட்டேன் என்கிறது. யோசிக்காமல் அதற்கு ஒரு பதில் சொன்னேன். நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். நேற்று உன்னுடைய நான்கு புதுச் சட்டைகளுக்கும் இஸ்திரி போட்டு அடுக்கும்போது அந்தக் கேள்வி மறுபடியும் காதில் விழுந்தது. பெட்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ கேட்டாய், "என்னம்மா, தலை சுத்துதா?" என்று. இல்லை என்றேன். சொல்ல வேண்டியதை வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வருகிற திங்கட்கிழமை நீ கிள்ளானில் ஆஸ்பத்திரி நல அதிகாரியாக உட்காரப் போகிறாய். சிகிச்சைக்குச் செலவழிக்க வழியில்லாதவர்கள் உன் மேசைக்கு முன்னால் வருவார்கள். இவருக்குக் கட்டணத்தைத் தள்ளலாம், இவருக்கு வேண்டாம் என்று நீ எழுதுவாய். உன் கையெழுத்தைப் பார்த்துத்தான் மேலே இருக்கிறவர்கள் முடிவு செய்வார்கள். அப்படிப்பட்ட ஒரு மேசைக்கு முன்னால், கேட்க வந்தவர்களின் பக்கத்தில், நான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நான் செய்த காரியத்தை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

நாம் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் இருந்த காலம். அப்பா ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்ததால் நமக்கு நோய் வந்தால் ஒரே ஒரு கடிதம் போதும். உனக்கு டான்சில் எடுத்தபோது அப்பா ஆபீசில் அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்தார், நாம் போனோம், படுக்கை கிடைத்தது. அந்தக் கடிதம் இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு சங்கக் கட்டடத்தின் பின்கட்டில், டாக்டர் ஜேக்கப் ஞாயிறு காலையில் இலவசமாக நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு நாள் பாசாரில் காய் வாங்கும்போது என்னைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், மருந்து நான் குடுத்துடுவேன் லா. ஆனா பெரிய நோய்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அங்க போனா பாரம், பாரம், பாரம். எனக்குப் பாரம் எழுதவும் தெரியாது, எழுதினா எவனாலயும் படிக்கவும் முடியாது. நீங்க வாங்க" என்றார். அப்படித்தான் நான் அந்த மேசைக்குப் போனேன். அது உடைந்த பிங்பாங் மேசையில் பாதி. மற்றப் பாதியில் மருந்துப் புட்டிகள்.

என் வேலை, வந்தவருக்கு எங்கேயாவது ஒரு காப்புறுதி இருக்கிறதா, ஏதாவது ஒரு உரிமை இருக்கிறதா என்று தேடிப் பிடிப்பது. பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. பண்டமாரானிலிருந்து ஒரு பெரியவர் வந்தார், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். இரும்புக் கட்டு விழுந்து கால் நசுங்கி, புண் ஆறாமல் வந்தார். "உங்க பேர்ல சம்பளத்துல ஏதாவது பிடிக்கிறாங்களா அண்ணே?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லம்மா" என்றார். மருந்துச் சீட்டு எடுக்க வெற்றிலைப் பெட்டியைத் திறந்தபோது அதற்குள் நான்காக மடித்த ஓர் அட்டை. தொழிலாளர் காப்புறுதி அட்டை, சந்தா தவறாமல் கட்டியிருக்கிறது. "இது என்ன அண்ணே?" என்றேன். "அதுவா, அது செத்தாத்தான் செல்லும்னு எங்கள வேல வாங்குற மண்டோர் சொன்னாரு. நான் இன்னும் சாகலையே!" என்றார். அவருக்குச் சிகிச்சையும், வேலைக்குப் போகாத நாட்களுக்கு உதவித் தொகையும் அந்த அட்டையில்தான் கிடைத்தது. டாக்டர் ஜேக்கப் எனக்கு ஒரு கும்பிடு போட்டார். நான் உள்ளுக்குள் பூரித்துப் போனேன். அந்தப் பூரிப்பையும் இங்கே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் அதுவும் பின்னால் நடந்ததில் ஒரு பங்கு. எனக்கு இந்த வேலை தெரியும் என்று நான் நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

அப்புறம்தான் கன்னியம்மா வந்தாள். சுங்கை வே பக்கம் ஒரு தொழிற்சாலையில் கூட்டித் துடைக்கிற வேலை. புருஷன் பந்திங்கில் செம்பனைக் குலை வெட்டுகிறார். முன்பு குடும்பமே அந்தத் தோட்டத்தில்தான் இருந்தது. தோட்டத்து ஆளாக இருந்தவரை தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்தது, மருந்து இருந்தது. நிர்வாகம் வேலையை ஒரு குத்தகைக்காரரிடம் விட்டபோது அதே மரத்தில் அதே குலையை அதே மனிதர் வெட்டினார், ஆனால் தோட்டத்து ஆள் இல்லை. வீடும் போயிற்று, ஆஸ்பத்திரியும் போயிற்று. குத்தகைக்காரர் யாருக்கும் சந்தா கட்டவில்லை. கன்னியம்மா பிள்ளையோடு சுங்கை வே கம்பத்து வீடொன்றில் ஓர் அறைக்கு வந்துவிட்டாள். "அவரு மோட்டார்ல பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வருவாரு டீச்சர். வந்தா சோறாக்கணும், வரலைன்னா கவலைப்படணும். ரெண்டுல எது சுகம்னு இன்னும் எனக்குப் பிடிபடல" என்று சிரிப்பாள். வாய்த்துடுக்கு. டாக்டரையே விடமாட்டாள். "என்னாங்க டாக்டரு, போன வாரமும் இதே சட்டை, ஆளுங்க வேற டாக்டருன்னு நெனச்சிடுவாங்கன்னு பயமா?" என்பாள். ஆனால் அவள் தனக்காக வரவில்லை. மகள் லெட்சுமிக்காக வந்தாள்.

லெட்சுமிக்கு அப்போது பதினான்கு வயது. மாடிப்படி ஏறினால் உதடு நீலம் பாயும். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். அவர் வேடிக்கையாகப் பேசாமல் போனதைப் பார்த்தபோதே எனக்குப் பயம் வந்துவிட்டது. இருதயத்துக்குள் ரத்தம் போகிற வழியில் ஒரு கதவு சுருங்கிவிட்டது, அதை மாற்றியாக வேண்டும் என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே பார்த்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். வெகு சீக்கிரத்தில் அறுவைக்கு ஒரு நாளும் குறித்தார்கள். மூன்றாம் வகுப்பு வார்டில் படுக்கைக்குக் கவலையில்லை. ஆனால் உள்ளே வைக்கிற செயற்கைக் கதவைக் குடும்பம்தான் வாங்கித் தர வேண்டும். அல்லது, இந்தக் குடும்பத்தால் முடியாது என்று ஆஸ்பத்திரி நல அதிகாரி எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதம் குறிப்பிட்ட ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் வார்டுக்குப் போய்ச் சேரவில்லையென்றால், அந்த நாள் வரிசையில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். எத்தனை பிள்ளைகள் காத்திருந்தார்கள் என்று நினைத்துப் பார். யாரையும் குறை சொல்ல முடியாது.

நல அதிகாரியைப் பார்க்கப் போகும் நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். வேலைக்குப் போகிற நீலச் சட்டையோடும் கைலியோடும் வந்திருந்தாள். தாலி மஞ்சள் கயிற்றில் கிடந்தது. கேட்டுவிட்டுத் தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

தம்பி, எனக்கு ஒரு பழைய அவமானம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாயம் போன சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் இருந்த ஆள் என்னைத் துப்புரவு வேலைக்கு வந்தவள் என்று நினைத்து, பின்பக்கம் போய் நில் என்றான். இரண்டு மணி நேரம் நின்றேன். அன்றிலிருந்து எந்த ஆபீசுக்குப் போனாலும் நான் கஞ்சி போட்ட சேலையில்தான் போவேன். உனக்கும் அதையேதான் சொல்லி வளர்த்தேன். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளின் நகத்தையும் தலையையும் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் வேறு. ஆகவே அவளிடம் சொன்னேன்: "நல்லதா கட்டிக்கிட்டுப் போங்க கன்னியம்மா. அப்பத்தான் மதிச்சுப் பேசுவாங்க." அவள் சொன்னாள்: "கல்யாணப் பட்டு ஒண்ணு இருக்கு டீச்சர். கழுத்துலதான் ஒண்ணும் இல்ல. பட்டைக் கட்டிக்கிட்டு வெறுங்கழுத்தோட போனா, மாரியம்மன் சீலையத் திருடிக்கிட்டு வந்தவ மாதிரி இருக்கும்." நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். உனக்குத் தெரியும் அந்தச் சங்கிலியை. இலை மாதிரிப் பதக்கம், நடுவில் மூன்று சிவப்புக் கல்லில் ஒன்று உதிர்ந்திருக்கும். அவள் வேண்டாம் என்றாள். "போட்டுக்கிட்டுப் போங்க, திங்கக்கிழமை சாயந்தரம் குடுங்க" என்றேன். அவள் அந்தப் பதக்கத்தைச் சட்டைக்குள் விட்டு மேலே கையை வைத்துக்கொண்டாள். நான் அவளுக்குத் தைரியம் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சொன்ன நேரத்துக்குச் சங்கிலி திரும்பி வந்தது, ஒரு சீப்பு பிசாங் மாஸ் பழத்தோடு. "நல்ல மனுசன் டீச்சர், கொஞ்சந்தான் கேட்டாரு. நம்ம ஆளுதான், தமிழ்லயே பேசினாரு" என்றாள். எனக்கு நிம்மதி. எட்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, கடிதம் வந்தது. மலாயில் தட்டச்சு செய்த இரண்டே வரி. விண்ணப்பதாரர் உதவி தேவைப்படும் நிலையில் இல்லை என்று. கன்னியம்மா அதைத் தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் காட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்றாள். அன்றைக்கு வேடிக்கைப் பேச்சு எதுவும் இல்லை. "வெள்ளிக்கெழம பன்னண்டு மணி டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் அவளோடு போனேன். நல்ல மனிதர்தான். நான் டீச்சர் என்று சொன்னதும் எழுந்தார். "உக்காருங்க டீச்சர்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். கன்னியம்மாவுக்கு நாற்காலி இல்லை, அவள் என் பின்னால் நின்றாள். நான் எடுத்துச் சொன்னேன். தோட்டம், குத்தகை, சந்தா கட்டாதது, அறை வாடகை, எல்லாம். வகுப்பில் சொல்வது மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு கோப்பைத் திறந்தார். "டீச்சர், நீங்க நல்ல மனசுல வந்திருக்கீங்க. ஆனா நம்ம ஆளுங்கள எனக்குத் தெரியாதா? நானும் தோட்டத்துல பொறந்தவன்தான். நகைய வச்சிக்கிட்டே இல்லன்னு சொல்லுவாங்க. பாருங்க, அன்னிக்கே எழுதி வச்சிருக்கேன்" என்று விரலை வைத்து வாசித்தார். பட்டுச் சேலை. தடித்த தங்கச் சங்கிலி. இலை வடிவப் பதக்கம், சிவப்புக் கல் வைத்தது.

தம்பி, அந்தச் சங்கிலி அப்போது என் கழுத்தில் இருந்தது.

பதக்கம் தலைப்பின் மடிப்பில் பாதி மறைந்திருந்ததால் அதுவரை அவர் கவனிக்கவில்லை, இன்னும் தலை நிமிரவும் இல்லை. எனக்கு அந்த ஒரு நொடி கிடைத்தது. "அது என்னுடையது, நான்தான் போட்டுவிட்டேன்" என்று சொல்வதற்கு அது போதும். பத்துச் சொல் கூட இல்லை. ஆனால் என் கை என்ன செய்தது தெரியுமா? சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டது. நான் முடிவு செய்து செய்யவில்லை என்று சொல்லலாம். அது பொய். ஒரு டீச்சர் ஒருத்திக்கு நகை போட்டு அதிகாரியிடம் அனுப்பினாள் என்று ஆகும், தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் போகும், அப்பா காதுக்குப் போகும் என்று அந்த ஒரு நொடிக்குள் எல்லாம் கணக்காக ஓடியது. அவர் நிமிர்ந்தபோது நான் மூடிக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தாண்டி, நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்தார். "என்னம்மா, இன்னிக்கு வெறுங்கழுத்தா வந்திருக்கீங்க? செயின வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்தீங்களா?" என்றார். குரலில் ஒரு கிண்டல்.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து கன்னியம்மா சொன்னாள்: "ஆமாங்கய்யா. வீட்டுல இருக்கு."

அவர் கோப்பை மூடினார்.

பஸ் நிற்கிற இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். நான் ஏதேதோ பேசினேன். வேறு வழி பார்க்கலாம், நிதி கேட்கலாம், சங்கத்தில் சொல்லலாம் என்றேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். லோரி ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு போனது. அது போன பிறகு சொன்னாள்: "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் டீச்சர். நீங்க துணிய இழுத்து மூடிக்கிட்டீங்க. சரி, டீச்சருக்கு ஏதோ கஷ்டம் இருக்கும், நாம காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அப்போதே திரும்பி ஓடியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் சாக்குத்தான். பஸ் வந்தது. அவள் ஏறிப் போனாள். ஆபீஸ் இன்னும் திறந்துதான் இருந்தது. நான் வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை முழுவதும் வேறு கதவுகளைத் தட்டினேன். பள்ளி முடிந்து இரண்டு சங்கம், ஒரு கோயில் நிர்வாகம், ஒரு பத்திரிகை அலுவலகம். எல்லாரும் பரிவாகப் பேசினார்கள், அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம் என்றார்கள். டாக்டர் ஜேக்கப் தொலைபேசியில் கத்தினார். "ஏன் டீச்சர் மறுத்தாங்க? என்னதான் காரணம்?" "தெரியல டாக்டர்" என்றேன். இதையும் நீ தெரிந்துகொள். திறந்திருக்கிற ஒரே கதவை விட்டுவிட்டு ஊரிலுள்ள மூடிய கதவுகளையெல்லாம் ஓடி ஓடித் தட்டினேன், உழைக்கிறோம் என்ற நினைப்பு வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தாம் வகுப்புக்குப் போனேன். உன் வயதுப் பிள்ளைகள்தான். கண்ணாடியை உடைத்தவன் யார் என்று அதற்கு முந்தின வாரம் ஒரு கேள்வி எழுந்திருந்தது. ஒரு பையன் தானாகவே எழுந்து, நான்தான் டீச்சர் என்று சொன்னான். அவனை வகுப்புக்கு முன்னால் நிறுத்திப் பாராட்டியிருந்தேன். அவன் முதல் வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தேன். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டாக்சி பிடித்தேன். பத்தரை மணிக்கு அந்த ஆபீஸில் நின்றேன். நாற்காலி காலியாக இருந்தது. ஐயா வெளி வேலையாகப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார் பக்கத்து மேசைப் பெண். வேறு யாராவது எழுத முடியுமா என்றேன். அவருடைய கோப்பை அவர்தான் மாற்ற முடியும் என்றாள். பெஞ்சில் உட்கார்ந்தேன். பதினொன்றரை. பன்னிரண்டாக ஐந்து நிமிடம். அப்புறம் பன்னிரண்டு. சுவர்க் கடிகாரத்தில் ஒன்றும் நடக்கவில்லை, முள் நகர்ந்தது, அவ்வளவுதான். வார்டுக்கு ஏறிப் போய்க் கேட்டேன். லெட்சுமிக்குக் குறித்த நாளை ஈப்போவிலிருந்து வந்த ஒரு சின்னப் பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

திங்கட்கிழமை சொன்னேன். சங்கிலியைக் கழற்றிக் கோப்பின் மேலேயே வைத்துச் சொன்னேன். அதிகாரி அதைத் தொடவில்லை. பதக்கத்தில் கல் உதிர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு புதுத்தாளை எடுத்துப் பத்து நிமிடத்தில் பரிந்துரையை எழுதி முடித்தார். கொடுக்கும்போது, "புதன்கிழமையே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார். கோப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, "நானும் முதல் நாளே கேட்டிருக்கலாம்" என்றார். எனக்காக அவர் கடிதம் எதுவும் எழுதவில்லை. தலைமையாசிரியருக்கு ஒன்றும் போகவில்லை. நான் பயந்த எதுவுமே நடக்கவில்லை.

நடந்தது வேறு. லெட்சுமியின் அறுவைக்கு வேறு நாள் பதினொரு வாரம் தள்ளித்தான் கிடைத்தது. ஏழாவது வாரத்தில் ஒரு காலை, பல் துலக்கப் போனவள் விழுந்தாள். இருதயத்தில் உறைந்த ரத்தத் துணுக்கு ஒன்று மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். பேச்சு ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. கால் வந்தது. வலது கை வரவில்லை. பிறகு அறுவை நடந்தது, நல்லபடியாகவே நடந்தது, அந்தக் கதவு இன்றுவரைக்கும் திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கிறது. நான் டாக்டர் ஜேக்கப்பிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, முதலில் குறித்த நாளிலேயே நடந்திருந்தால் கை தப்பியிருக்குமா என்று கேட்டேன். "இருக்கலாம் டீச்சர். இல்லாமலும் போயிருக்கலாம். தெரியாது" என்றார். எனக்கு ஆறுதல் சொல்ல அவர் பொய் சொல்லவில்லை என்பதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன்.

இப்போது உனக்குச் சில விஷயங்கள் புரியும். ஒரு தீபாவளிக்கு லெட்சுமி நம் வீட்டுக்கு முறுக்கு கொண்டு வந்தாள். உனக்குப் பன்னிரண்டு வயது. டப்பாவை இடது கையால் நீட்டினாள். "அக்கா, இடது கையில குடுக்கக் கூடாது, எங்கம்மா திட்டுவாங்க" என்று நீ வாங்காமல் நின்றாய். நான் உன்னை ஓங்கி ஓர் அறை விட்டேன். நீ அழவில்லை, ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தாய். நீ சொன்னது நான் சொல்லிக் கொடுத்த பாடம்தானே. லெட்சுமிதான் உன்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "அடிக்காதீங்க டீச்சர், தம்பி சரியாத்தான் சொல்றான்" என்றாள். அந்த அறைக்கு உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். சங்கிலி எங்கே என்று நீ கேட்டபோதெல்லாம், கொக்கி போய்விட்டது என்று சொல்லிவந்தேன். கொக்கிக்கு ஒன்றும் இல்லை. அலமாரியில் கீழ்த்தட்டில், உன் பள்ளிச் சான்றிதழ்களுக்கு அடியில் இருக்கிறது.

லெட்சுமி இடது கையால் எழுதப் பழகினாள். நான்தான் சொல்லிக் கொடுத்தேன், சனிக்கிழமைகளில், நாலு கோட்டு நோட்டில். பதினான்கு வயதுப் பெண் அ, ஆ என்று முதலிலிருந்து எழுதுவதைப் பார்க்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று இங்கே எழுதப் போவதில்லை. இப்போது அவள் ஒரு பட்டறையில் கணக்கு வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிங்பாங் மேசையில் நான் இருந்த இடத்தில் உட்காருகிறாள். வருகிறவர்களிடம் அவள் கேட்கிற முதல் கேள்வி, யாரிடம் வேலை செய்கிறீர்கள் என்பது. ஆபீசுக்கு அனுப்பும்போது, "வேலைக்குப் போற துணியிலேயே போங்க அக்கா, குளிச்சிட்டுப் போங்க, போதும்" என்பாள். அவளுக்கு நான் உண்மையைச் சொல்லாமலே இருந்தேன். கன்னியம்மா நாலு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்க நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளிப் போட்டேன், கடைசியில் ஞாயிற்றுக்கிழமைகள் தீர்ந்துபோயின. உனக்கு இந்த வேலை கிடைத்த செய்தி வந்த அன்று, போன மாதம், நேராக லெட்சுமியிடம் போய் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன்.

அவள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்து, "தெரியும் டீச்சர். அம்மா அப்பவே சொல்லிட்டாங்க" என்றாள். அவள் அம்மாவின் அதே சிரிப்பைச் சிரித்தாள். "நாங்க ரெண்டு பேரும் பந்தயம் கட்டியிருந்தோம். டீச்சர் பென்ஷன் வாங்குறதுக்குள்ள வந்து சொல்லிடுவாங்கன்னு அம்மா சொன்னாங்க. சொல்லவே மாட்டாங்கன்னு நான் சொன்னேன். ரெண்டு பேருமே தோத்துட்டோம் லா." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கோவம் இருந்துச்சு டீச்சர். பொய் சொல்ல மாட்டேன். இன்னும் சில நாள் இருக்கு, சட்டைக்குப் பட்டன் போடும்போது" என்றாள். "கிள்ளான் ஆளுங்கள இனிமே தம்பிகிட்டத்தான் அனுப்புவேன். தம்பி எப்படி?" என்று கேட்டாள்.

நல்ல பிள்ளை என்றேன். ஆனால் அந்த அதிகாரியும் நல்ல மனிதர்தான், நானும் நல்ல டீச்சர்தான். அவருக்கு நம் ஆட்களைத் தெரியும், எனக்கு ஆபீசுகளைத் தெரியும். தெரியும் என்று நினைத்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெண்பிள்ளையின் கை போயிற்று. உனக்கும் நம் ஆட்களைத் தெரியும். பட்டுச் சேலையில் வந்து நிற்கிறவளைப் பார்த்ததும் ஒரு வரி உன் மனதில் தானாக எழுதிக்கொள்ளும். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு அண்டை வீட்டுக் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வருகிற ஆண்களும் உண்டு. அவர்கள் உன்னை ஏமாற்ற வரவில்லை. உன் மேசைக்கு மரியாதை கொடுத்து வருகிறார்கள். அதோடு, அவர்கள் வாயைத் திறக்காமல் நிற்பது வேறு யாரையாவது காப்பாற்றுவதற்காகவும் இருக்கலாம். இது எனக்கு என் முதுகுக்குப் பின்னால் நின்றவள் கற்றுக்கொடுத்தது.

சட்டைகளைப் பெட்டியில் வைத்திருக்கிறேன், கழுத்துப்பட்டை மடங்காமல் எடு. திங்கட்கிழமை முதல் ஆள் உள்ளே வந்ததும் நாற்காலியை அவருக்குப் போடு. அவர் கழுத்திலோ கையிலோ எதைக் கண்டாலும், எழுதுவதற்கு முன் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டு, "இது யாருதும்மா?" என்று கேட்டுப் பார்.

அம்மா